‘அளவோடு’ என்றால் எத்தனை மில்லி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான, சிவப்பு ஒயினையும் இதய நலத்தையும் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘அளவோடு அருந்தினால் நல்லது’ என்ற கருத்து அதில் மூன்று இடங்களில் வருகிறது; அந்த அளவு எவ்வளவு என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. பதினொரு ஆண்டுகள் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்று, பிறருக்கு ஊற்றிக் கொடுத்துப் பிழைத்தவன் நான். ‘அளவோடு’ என்ற அந்த ஒரு சொல்லை வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கேற்ப எப்படி நீட்டிக்கொள்கிறார்கள் என்பதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். நாளிதழிலிருந்து கத்தரித்த செய்தியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு இன்னொரு கோப்பை கேட்டவர்களும் உண்டு. அதனால் இக்கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

மதுக்கூடங்களை மூட வேண்டும் என்று கேட்க நான் வரவில்லை. குடிப்பதா வேண்டாமா என்பதை வயதுவந்தவர் ஒருவர் தாமே முடிவுசெய்துகொள்வார். அந்த முடிவுக்கு வேண்டிய கணக்கை அவருக்குத் தர வேண்டிய கடமை செய்தித்தாளுக்கு உண்டு. பீர், ஒயின் பற்றிய செய்தி எதுவாக இருந்தாலும், மில்லி எவ்வளவு, வீரியம் எத்தனை சதவீதம், தூய ஆல்கஹால் எத்தனை கிராம் என்ற மூன்றும் இல்லாமல் அதை அச்சிட வேண்டாம் என்பதே என் கோரிக்கை.

கணக்கு கடினமானதன்று. புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சதவீதம், 100 மில்லியில் எத்தனை மில்லி எத்தனால், அதாவது தூய ஆல்கஹால், இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. எத்தனால் தண்ணீரைவிட இலேசானது. ஒரு மில்லியின் எடை ஏறத்தாழ 0.79 கிராம். ஆகவே 5 சதவீத வீரியமுள்ள பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம், 12 சதவீத ஒயின் 150 மில்லியில் சுமார் 14 கிராம், 40 சதவீத விஸ்கி 45 மில்லியிலும் சுமார் 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றே. ‘பீர்தானே’ என்று சொல்லிக்கொண்டே அமர்பவர்களுக்கு நான் எத்தனையோ முறை ஊற்றியிருக்கிறேன். அவர்களில் ஒருவரின் கையிலிருப்பது 8 சதவீத வீரியமுள்ள 500 மில்லி பீராக இருந்தால், அதில் 31 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் அமர்ந்து இரண்டு முறை விஸ்கி வாங்கியவரைவிட அவர் கூடுதலாகவே குடித்திருக்கிறார். ஆனால் வீட்டுக்குப் போய் ‘நான் பீர் மட்டும்தான் சாப்பிட்டேன்’ என்று அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அவருக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

வெளிநாட்டு ஆய்வுகளை மொழிபெயர்க்கும்போது இந்தக் குழப்பம் இன்னும் பெரிதாகிறது. ஆய்வறிக்கைகளில் வரும் ‘ஒரு பானம்’ என்பது நாட்டுக்கு நாடு மாறும் அளவு. பிரிட்டனில் ஓர் அலகு என்பது 8 கிராம் ஆல்கஹால். ஆஸ்திரேலியாவில் 10 கிராம். அமெரிக்காவில் 14 கிராம். ஜப்பானில் ஏறத்தாழ 20 கிராம். பிரிட்டன் 2016-ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வாரத்துக்கு 14 அலகுகளைத் தாண்ட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அது 112 கிராம், அமெரிக்கக் கணக்கில் எட்டே பானங்கள். இதைத் ‘வாரத்துக்குப் பதினான்கு கிளாஸ்’ என்று தமிழில் எழுதிவிட்டால், அறிவுரையாகச் சொன்னது வாசகர் கையில் அனுமதிச்சீட்டாக மாறிவிடுகிறது. கனடாவின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே 2011-ல் வகுத்த வழிகாட்டுதல் ஆண்களுக்கு வாரம் 15 பானங்கள் வரையிலும், பெண்களுக்கு 10 வரையிலும் இடம் கொடுத்தது. 2023-ல் வெளியான புதிய வழிகாட்டுதல், வாரத்துக்கு இரண்டைத் தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்கிறது. பழைய எண்ணை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

‘கிளாஸ்’ என்ற சொல்லைப் பற்றியே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் தொழிலே அதில்தான் இருந்தது. இங்கிலாந்தில் ஒயின் கிண்ணங்களின் கொள்ளளவை ஆராய்ந்தவர்கள், 1700-ஆம் ஆண்டளவில் சராசரி 66 மில்லியாக இருந்த கிண்ணம் 2017-க்குள் 449 மில்லியாகப் பெருத்துவிட்டதாகக் கண்டறிந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட ஏழு மடங்கு. இன்றைய அந்தக் கிண்ணத்தில் பாதி வரை ஊற்றினாலே 220 மில்லியைத் தாண்டும். ஒயின் 13 சதவீதமாக இருந்தால் அதில் சுமார் 23 கிராம் ஆல்கஹால். குடிப்பவரோ ‘அரைக் கிண்ணம்தான்’ என்று மனத்தில் குறித்துக்கொள்வார். குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும் கிளாஸில் ஊற்றும்போது, பழகிய கையும் கூடுதலாகச் சாய்த்துவிடும் என்பதை நான் அனுபவத்தில் அறிந்தேன். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், அளவுக்குவளை வைக்காமல் ஊற்றிவிட்டு, பிறகு சோதனைக்காக அளந்து பார்த்தபோது 45 மில்லிக்குப் பதில் 60 வந்தது. அன்றிலிருந்து அளவுக்குவளை இல்லாமல் நான் ஊற்றியதில்லை. வீட்டில் குடிப்பவர்களில் எத்தனை பேரிடம் அளவுக்குவளை இருக்கிறது?

பார் கலாசாரம் பற்றி இளைஞர்களுக்காக எழுதப்படும் வண்ணப் பக்கங்களிலும் இதே குறை தெரிகிறது. புதிய பீர் வகைகளின் நிறம், நுரை, கசப்பு, மணம் எல்லாம் விரிவாக வருகின்றன. 4 சதவீதமா 9 சதவீதமா என்பது வருவதில்லை. அதைவிட முக்கியமாக, மேசையில் நடப்பது என்ன என்பதே அப்பக்கங்களில் இடம்பெறுவதில்லை. நான்கு பேர் சேர்ந்து வந்தால் ஆளுக்கொரு ரவுண்டு வாங்குவது வழக்கம். ஒருவர் வாங்கித் தந்துவிட்டால், தன் முறை வருவதற்கு முன்னால் எழுந்து போவது மற்றவருக்கு மரியாதைக் குறைவாகப்படும். ஆகவே மெதுவாகக் குடிப்பவரும் வேகமாகக் குடிப்பவரின் ஓட்டத்துக்கு இழுபடுவார். ஒன்றோடு நிறுத்த எண்ணி வந்தவர் நான்கு முடித்து எழுவார். நான்கு பீர் என்றால் 52 கிராம். சராசரி உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரையே ஆல்கஹாலைச் சிதைக்க முடியும். காபியோ குளிர்ந்த நீரோ அதை விரைவுபடுத்தாது. அந்த 52 கிராமும் சிதைய, குடிக்கத் தொடங்கியதிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நள்ளிரவில் பார் மூடியபின் வண்டிச் சாவியைத் தேடுபவரின் உடலில் அதில் ஒரு பகுதி இன்னும் மிச்சமிருக்கும். முதல் உலகப் போரின்போது, 1915-ல், பிரிட்டன் அரசு லண்டன் உள்ளிட்ட பல பகுதிகளில் ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கித் தருவதையே தடைசெய்தது என்பது, இந்த ரவுண்டு வழக்கத்தின் வலிமையை அந்த அரசு எவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருந்தது என்பதற்குச் சான்று. அயர்லாந்து 2003-ல் ‘ஹேப்பி அவர்’ எனப்படும் குறித்த நேர விலைக் குறைப்பைத் தடைசெய்ததும் இதே புரிதலில்தான்.

மதுக்கூடத்துக்கு வருபவர்கள் எல்லாரும் மதுவுக்காக வருவதில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். பேச ஆள் இல்லாமல் வந்தவர்களே என் கவுண்டரில் பாதிப் பேர். ஆல்கஹால் இல்லாத பீரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தச் சிவப்பு ஒயினுக்கு வருகிறேன். 1991 நவம்பரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, பிரெஞ்சு மக்கள் கொழுப்பு மிகுந்த உணவு உண்டும் இதய நோய் குறைவாக இருப்பதற்குச் சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று சொன்னது. அதைத் தொடர்ந்து அந்நாட்டில் சிவப்பு ஒயின் விற்பனை வேகமாக உயர்ந்தது. அடுத்த ஆண்டில் செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் லான்செட் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். பிறகு திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருளுக்குப் புகழ் வந்தது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் அது சில மில்லிகிராம் அளவே இருக்கும். விலங்குகளின் மீது நடத்திய பல சோதனைகளில் கொடுத்ததற்கு இணையான அளவை ஒயினிலிருந்து பெற எந்த மனிதராலும் இயலாது. இத்துறையில் பெயர் பெற்றிருந்த ஆய்வாளர் ஒருவர் தரவுகளைத் திரித்ததாகவும் புனைந்ததாகவும் 145 குற்றச்சாட்டுகளில் நிறுவப்பட்டிருப்பதாக, அவர் பணியாற்றிய கனெக்டிகட் பல்கலைக்கழகமே 2012-ல் அறிவித்தது.

குறைவாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட நீண்டநாள் வாழ்வதாகக் காட்டிய ஆய்வுகள் உண்டுதான். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் ‘குடிக்காதவர்கள்’ யார் என்று கேட்க வேண்டும். என் கவுண்டருக்குப் பல ஆண்டுகள் தவறாமல் வந்த ஒரு பெரியவர், கல்லீரல் கெட்டு, மருத்துவர் கண்டித்துச் சொன்னபின் முற்றிலும் நிறுத்தினார். அடுத்த நாள் அவரிடம் யாராவது கணக்கெடுப்புப் படிவத்தை நீட்டியிருந்தால், ‘மது அருந்துவதில்லை’ என்ற கட்டத்தில்தான் உண்மையாகவே குறியிட்டிருப்பார். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாதவரோடு சேர்த்து அவரையும் எண்ணினால், குடிக்காதவர்களின் கூட்டம் நோயாளிகளின் கூட்டமாகத் தெரியும். அதற்குப் பக்கத்தில் நாளுக்கொரு கோப்பை அருந்துபவர் ஆரோக்கியமானவராகத் தோன்றுவார். இந்தப் பிழையைக் களைந்து 107 ஆய்வுகளைச் சேர்த்து மறுபடி கணித்த ஒரு பகுப்பாய்வு 2023-ல் வெளியானபோது, குறைந்த அளவில் குடிப்பதால் ஆயுள் கூடுகிறது என்பதற்குப் புள்ளியியல் சான்று நிற்கவில்லை. இதற்கு முடிவுகட்டக்கூடிய நேரடிச் சோதனை ஒன்றை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் தொடங்கின. அதற்கான நிதியின் பெரும்பங்கு மது நிறுவனங்களிடமிருந்து வந்ததும், அந்த நிதி கேட்கப்பட்ட முறையும் வெளிப்பட்டதால், 2018 ஜூனில் அது கைவிடப்பட்டது.

புற்றுநோய் பற்றியோ இந்தத் தயக்கம் எதுவும் இல்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே மதுபானங்களை முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளின், அதாவது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவற்றின், பட்டியலில் சேர்த்துவிட்டது. எத்தனால் உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறி மரபணுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. எத்தனால் பீரிலிருந்து வந்ததா, விலையுயர்ந்த ஒயினிலிருந்து வந்ததா என்பதால் இதில் மாற்றமில்லை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய ஏழு இடங்களில் வரும் புற்றுநோயோடு மதுவுக்குத் தொடர்பு உண்டு. ஒயின் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் பெண்களின் கையில் கிண்ணம் இருக்கும் படத்தையே போடுகிறீர்கள். மார்பகப் புற்றுநோய் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரி இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

2024 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை, மிதமாகக் குடிப்பவர்களிடம் ஒட்டுமொத்த இறப்பு விகிதம் குறைவாகக் காணப்படுவதாகவும், மார்பகப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதாகவும் சொன்னது. சில வாரங்களிலேயே, 2025 ஜனவரியில், அந்நாட்டுத் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி, மதுபுட்டிகளில் புற்றுநோய் எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்று அறிவித்தார். இரண்டையும் தலைப்புகளாக மட்டும் படித்தவர், ‘இந்த ஆய்வாளர்கள் ஒரு நாள் ஒன்று சொல்வார்கள்’ என்று தாளை மடித்து வைத்துவிடுவார். மூர்த்தியின் அறிக்கையிலோ எளிய எண்கள் இருந்தன. வாரத்துக்கு ஒரு பானத்துக்கும் குறைவாக அருந்தும் 100 பெண்களில் வாழ்நாளில் மதுவோடு தொடர்புடைய புற்றுநோய் வருவோர் ஏறத்தாழ 17 பேர். நாளுக்கு ஒன்று அருந்துவோரில் 19. இரண்டு அருந்துவோரில் 22. ஆண்களில் இவை 10, 11, 13. இந்த எண்கள் யாரையும் தேவையில்லாமல் அச்சுறுத்துவதில்லை, ஏமாற்றுவதுமில்லை. ‘ஆபத்து இத்தனை சதவீதம் அதிகரிப்பு’ என்ற தலைப்பைவிட இந்த நான்கு வரிகள் வாசகருக்கு அதிகம் சொல்கின்றன.

பீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்றும், சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்றும் வரும் துணுக்குகளையும் நிறுத்துங்கள். பீர் சிறுநீரைப் பெருக்குகிறதே தவிர, உருவான கல்லைக் கரைப்பதில்லை. நீரிழப்பையும் யூரிக் அமிலத்தையும் அது கூட்டும் என்பதால் கீல்வாதம் உள்ளவர்கள் இதை நம்பித் துன்பப்படுகிறார்கள்.

ஆகவே, மது பற்றிய ஆய்வுச் செய்தியை வெளியிடும்போது யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பதையும், பணம் கொடுத்தது யார் என்பதையும் அதே பத்தியில் எழுதும்படியும், ‘ஒரு கிளாஸ்’ என்ற சொல்லுக்குப் பதிலாக கிராமைப் போடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். பீர், ஒயின், விஸ்கி ஆகியவற்றின் வழக்கமான புட்டி அளவுகளையும் வீரியங்களையும் கிராமாக மாற்றி, ஒரே பக்கத்தில் அடங்கும் அட்டவணையாக என் கைப்பட எழுதி இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். துணையாசிரியர்களின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அது இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
முன்னாள் மதுக்கூடப் பணியாளன்