ஐஸ் கம்பெனி அவசர ஷவரில் தண்ணீர் வர வழி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
மீன் பிரிக்கும் பெண்கள் 23 பேர், ஐஸ் கம்பெனித் தொழிலாளர்கள் 11 பேர் சார்பாக மனுதாரர்,
வடகடல் ஓரம், மண்டபம் ஒன்றியம், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், ராமநாதபுரம்.

பொருள்: குளிரூட்ட அமோனியா ஓடும் ஐஸ் கம்பெனியில் காகிதத்தில் உள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளை நடைமுறைக்குக் கொண்டுவரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: ஆய்வு செய்ய வேண்டிய அலுவலகத்துக்கு ஆடி, புரட்டாசி, கார்த்திகை மாதங்களில் நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான்காவது மனு. முதல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு குறுஞ்செய்திதான் வந்தது, "மனு முடித்து வைக்கப்பட்டது" என்று. எதைப் பார்த்து முடித்தார்கள் என்று யாரும் சொல்லாததால் தங்களிடம் வருகிறோம்.

இடம் தாங்கள் அறிந்ததுதான். கருவாடு காயப்போடும் திடலைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கும் ரோட்டில் வலது கை பக்கம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைப் பார்வையிட வந்தபோது தங்கள் ஜீப் நின்றது அந்தச் சுவரோரம்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் இறால் பிரிக்கும் கொட்டகை. அதற்குத் தெற்கே வீடுகள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கம்பெனியை மூடச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. ஐஸ் இல்லாமல் படகு போகாது, படகு போகாமல் எங்களுக்குக் கூலி இல்லை.

1. நடந்தது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மெஷின் நின்றிருந்தது. தடை முடிந்து முதல் பாடு இறங்கிய விடியற்காலை, என் தம்பி மெஷின் ரூமில் தனியாக, மெஷினில் சேர்ந்த ஆயிலைக் குழாய் வழியாக இறக்கிக்கொண்டிருந்தான். அமோனியா மெஷினில் இது அடிக்கடி செய்யும் வேலை. ஆயில் தீர்ந்ததும் பின்னாலேயே அமோனியா வரும், அந்த நொடியில் வால்வை மூடியாக வேண்டும். இரண்டு மாத உப்புக்காற்றில் துருவேறிய வால்வு அவன் கைக்குத் திரும்பவில்லை. அமோனியா நேராக முகத்தில் அடித்தது.

2. தண்ணீர்: மெஷின் ரூம் வாசலில் பச்சைப் பெயிண்ட் அடித்த அவசர ஷவர் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே கண் கழுவும் குழாய். மேலே போர்டு. எல்லாம் இருக்கிறது ஐயா. கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவித் தடவி வந்து என் தம்பி அந்தச் சங்கிலியை இழுத்தான். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மறுபடி இழுத்தான். வரவில்லை. அவன் கத்தியது கேட்டுத்தான் நாங்கள் கொட்டகையிலிருந்து ஓடினோம்.

நம் மாவட்டத்தில் தண்ணீரின் அருமை தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனிக்கு லாரித் தண்ணீர் வருகிறது, ஆனால் அது ஐஸ் பார் போடும் தொட்டிக்குப் போகிறது. ஷவருக்கு மேலே உள்ள தொட்டியை நிரப்புவது யார் வேலை என்று எங்கும் எழுதவில்லை, அதனால் யாரும் நிரப்புவதில்லை. ஒரு பக்கம் பார் பாராக ஐஸ் அடுக்கியிருந்தது, அவன் கண்ணில் ஊற்றத் தண்ணீர் இல்லை. குடிக்க நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த நாலு குடம் தண்ணீரை ஊற்றினோம். ஒரு குடம் ஒரு நிமிடத்துக்குக்கூட வரவில்லை. அப்புறம் கடல் தண்ணீரை அள்ளி ஊற்றினோம். அது சரியா தப்பா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இல்லை.

அமோனியா காரம், அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும், உடனே குறைந்தது 15 நிமிடம் விடாமல் தண்ணீர் ஓடியிருக்க வேண்டும் என்று மதுரையில் டாக்டர் சொன்னார். அந்த 15 நிமிடம்தான் ஐயா எங்களுக்குக் கிடைக்கவில்லை. வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது. அவனுக்கு வயது 24.

புரட்டாசி மனுவுக்குப் பிறகு ஆய்வுக்கு வந்தார்கள். அட்டையில் "அவசர ஷவர் உள்ளதா" என்ற கேள்விக்கு "உள்ளது" என்று டிக் போட்டதை நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். அவர்கள் எழுதியது பொய் இல்லை, ஷவர் இருக்கிறது. அந்தச் சங்கிலியை ஒருவர், ஒரே ஒருவர், கையை நீட்டி இழுத்துப் பார்த்திருந்தால் போதுமே! அதற்கு எத்தனை நேரம் ஆகும்? இந்த மனுவை எழுதும் இன்று காலையிலும் போய் இழுத்துப் பார்த்தேன். இன்றும் காற்றுதான் வருகிறது.

3. முகமூடி: இரண்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். மேனேஜர் ரூம் பீரோவில் பூட்டியிருக்கிறது, சாவி மேனேஜரிடம். அவர் ராத்திரியில் இருப்பதில்லை. படகு போகிற நாளுக்கு முந்தைய ராத்திரிதான் மெஷின் முழுமூச்சாக ஓடும். முகமூடியில் மாட்டும் வடிகட்டிக்கும் காலாவதித் தேதி உண்டு, அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. சரி, முகமூடி கிடைத்தாலும் அது கடைசித் துணைதான். வால்வு ஒழுங்காக இருந்தால் முகமூடி தேவைப்படும் நிலையே பெரும்பாலும் வராது. கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. ஆயில் இறக்கும் குழாயில் அதைத்தான் போட வேண்டும். தடைக்காலம் முடிந்து மெஷினை ஓட்டும் முன் எல்லா வால்வையும் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆயில் இறக்கும்போது இரண்டாவது ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். இது எதுவும் பெரிய செலவு இல்லை.

4. ஒத்திகை: அமோனியா கசிந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடந்ததாக ரெஜிஸ்டரில் என் தம்பி கையெழுத்து இருக்கிறது. சம்பளம் வாங்கும்போது சேர்த்து வாங்கிய கையெழுத்து அது. 1984 போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான தொழிலில் உள்ள அபாயத்தைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும், பாதுகாப்புக் குழுவில் தொழிலாளியும் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். எங்கள் கம்பெனி ரெஜிஸ்டரிலும் ஒரு குழு இருக்கிறது. அதில் பெயர் உள்ள இரண்டு பேரிடம் கேட்டோம். குழுவில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

5. போர்டு முழுக்க இங்கிலீஷில். வேலை பார்ப்பவர்கள் நம்மூர் ஆட்களும் ஒடிசா, பீகார் பிள்ளைகளும்.

6. காற்று: கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் நெடி கடலுக்குப் போய்விடும். இப்போது வடக்கிலிருந்து வாடை. கசிந்தால் நேரே எங்கள் கொட்டகைக்கும் வீடுகளுக்கும்தான் வரும். காற்று காட்டும் துணி கிழிந்து கம்பு மட்டும் நிற்கிறது. எந்தப் பக்கம் ஓடுவது? கம்பெனி ஆட்களுக்கே சொல்லாதவர்கள் எங்களுக்கா சொல்லப் போகிறார்கள்? 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து மக்கள் நடுராத்திரியில் வீட்டை விட்டு ஓடினார்கள். 2024 ஜூலையில் தூத்துக்குடிப் பக்கம் மீன் பதப்படுத்தும் ஆலையில் கசிந்து பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அந்தச் செய்திகளைப் பார்த்த நாளிலிருந்து மெஷின் சத்தம் மாறினாலே இறால் கூடையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறோம்.

ஐயா, தங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம். அந்த ஷவர் தொட்டியைத் தினமும் நிரப்ப ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமிக்க உத்தரவிடுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டும் தொடங்கும்போது சங்கிலியை இழுத்துப் பார்த்த பிறகே மெஷினை ஓட்டச் செய்யுங்கள். வால்வை மாற்றச் சொல்லுங்கள். முகமூடி பீரோவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி ஷிஃப்டில் ஒரு ஒத்திகை நடத்தி, கொட்டகைப் பெண்களையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். இதில் எதற்கும் நாள் ஆகும் என்றால், தொட்டியில் தண்ணீரை மட்டும் இன்றைக்கே நிரப்பச் சொல்லுங்கள்.

மறுபடி ஆய்வுக்கு ஆள் அனுப்பினால், சொல்லாமல் ராத்திரியில் அனுப்புங்கள். வருகிறவர் எங்கள் முன்னால் அந்தச் சங்கிலியை இழுக்கட்டும். தண்ணீர் வந்தால் அவர் நீட்டும் காகிதத்தில் நாங்கள் 34 பேரும் கையெழுத்துப் போடுகிறோம். வராவிட்டால், வரவில்லை என்று அங்கேயே எழுதச் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
(மற்றும் 33 பேர் கையெழுத்து, கைநாட்டு)