நம் லேசர் தண்ணி குடிக்கிறது

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன் பெரியவன் பரீட்சை எப்படி எழுதினான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போன் பண்ணலாம் என்றால் நீதான் துபாய் போனதிலிருந்து பெரிய ஆபீசர் ஆகிவிட்டாயே, எடுத்தவுடன் "மீட்டிங்" என்கிறாய். அதான் உட்கார்ந்து எழுதுகிறேன். இது போனில் பேசி முடிகிற விஷயமும் இல்லை.

நம் லேசர், அந்தச் சின்னப் பாய்மரப் படகு, தண்ணி குடிக்கிறது. கொஞ்ச நாளாகவே கரையேற்றும்போது கனம் தெரிந்தது. போன வாரம் பின்பக்க பிளக்கைத் திறந்துவிட்டு மூக்கைத் தூக்கிப் பிடித்தால் நிற்காமல் கொட்டுகிறது, அடியில் வாளி வைத்துப் பிடித்து அளந்ததில் எட்டு லிட்டருக்கு மேல். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. மழைத் தண்ணி இல்லை, கடல்தான் உள்ளே போகிறது. ஹல், அதாவது வெறும் படகுக்கூடே 59 கிலோதான், அதற்குள் எட்டு கிலோ தண்ணீர் அலை ஏறும்போது பின்னாலும் இறங்கும்போது முன்னாலுமாக ஓடினால் காற்றடிக்கிற நேரத்தில் படகு எப்படிப் பேச்சுக் கேட்கும் சொல்லு.

எங்கே ஓட்டை என்று தேட ஆரம்பித்தேன். உள்ளே விழுகிற தண்ணியை வெளியேற்றுகிற பெயிலர், சுக்கான் (ரட்டர்) மாட்டுகிற திருகுகள், நடுவில் இறக்குகிற சென்டர்போர்டு பலகையின் பெட்டி ஓரம், மேல்தளமான டெக்கும் ஹல்லும் ஒட்டுகிற விளிம்பு என்று எல்லா இடத்திலும் சோப்புத் தண்ணி தடவிவிட்டு, காற்றுத் துளையை டேப் போட்டு அடைத்து, பிளக் வழியாக வாயாலேயே ஊதினேன். (பக்கத்தில் இருந்த பையன் சைக்கிள் பம்ப் எடுத்துவந்தான், நான் விடவில்லை. அழுத்தம் கொஞ்சம் அதிகமானாலும் டெக் ஒட்டு விட்டுவிடும்.) பெயிலர் ஓரத்தில் மட்டும் நாலைந்து குமிழி, அது ஒரு பெரிய விஷயம் இல்லை. அப்புறம்தான் மாஸ்ட், அதாவது பாய் கட்டுகிற கம்பம் நிற்கிற குழிக்குள் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிவைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் நாலு விரல் இறங்கியிருக்கிறது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் மணல். கரையில் பாய் கட்டும்போது ஒட்டிக்கொண்டு வருகிற மணல்தான். மாஸ்ட் ஒவ்வொரு திருப்பத்துக்கும் குழிக்குள் சுழல, அந்த மணல் வருஷக்கணக்காக ஃபைபரை அரைத்துத் தின்றிருக்கிறது. அதற்கு மேல் எவரோ ஒரு புண்ணியவான் சிலிக்கானை அப்பி வைத்திருக்கிறார், நாம் வாங்குவதற்கு முன்பே நடந்த வேலை. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது மாப்ளே. சிலிக்கான் பட்ட இடத்தில் ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பிடிக்கவே பிடிக்காது, சுரண்டி, தேய்த்து, அசிட்டோன் போட்டுத் துடைத்து, அதன் வாசனையே இல்லாமல் பண்ணினால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும்.

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மத்தியானம் கரையில் கிடக்கும்போது உள்ளே இருக்கிற காற்று சூடாகி விரிந்து வெளியேறுகிறது, அந்தச் சூட்டோடு கடலில் இறக்கினால் காற்று குளிர்ந்து சுருங்கி வெளியிலிருந்து இழுக்கிறது. கால் வைக்கிற பள்ளமான காக்பிட்டில் உள்ள சின்னக் காற்றுத் துளை அதற்காகத்தான் இருக்கிறது. நம்முடையதில் அது பெயின்ட் ஏறிப் பாதி மூடியிருந்தது, குத்தித் திறந்துவிட்டேன். துளை மூடிக்கொண்டால் விரிசல் வழியாகத் தண்ணியை உறிஞ்சாமல் வேறு என்ன செய்யும்?

காசிமேட்டில் ஃபைபர் போட் வேலை செய்கிற அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சுத்தியல் பிடியால் டெக்கைத் தட்டிக்கொண்டே போனார். "டக் டக்" என்று வந்த சத்தம் மாஸ்ட் குழியைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு "தொம்" என்று மாறியது. டெக்குக்குள் இருக்கிற ஃபோம் ஈரம் குடித்து ஃபைபரை விட்டுப் பிரிந்திருக்கிறது. என்ன கை அந்த மனுஷனுக்கு! ஆனால் ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. மீன்பிடி போட்டுக்குப் போடுகிற பாலியெஸ்டர் ரெசினும், நெய்யாத கிளாஸ் நார் விரிப்பான மேட்டும் போதும் என்கிறார். புதிதாக வார்க்கும்போது சரி, பழைய ஃபைபர்மேல் ஒட்டுவதற்கு எப்பாக்சி ரெசின்தான் பிடிமானம். மேட்டும் வேண்டாம், நெய்த கிளாஸ் துணி போடலாம்.

அதற்கெல்லாம் முதலில் காய வேண்டும். ஈரத்தின்மேல் போட்ட ஒட்டு நிற்காது. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு நல்ல இடமாகப் பார்த்து நிழலில் போட்டு, உள்ளே ஃபேன் காற்று போக விட வேண்டும். காற்று போகவும் கை போகவும் வழி வேண்டுமே, அதற்காக மாஸ்ட் குழிக்குப் பக்கத்தில் டெக்கில் 15 செ.மீ. வட்டமாக ஒரு ஓட்டை போட்டு மூடி வைக்கணும். அது வழியாக மாஸ்ட் குழிக் குழாயின் அடியைச் சுற்றித் துணி கட்டலாம், குழிக்குள் கசிகிற இடத்துக்கு மேலே எப்பாக்சி ஊற்றி மணல் அரைக்காமல் ஒரு டெஃப்லான் வட்டும் போட்டுவிடலாம்.

நீ உடனே "வித்துத் தொலைச்சிடுடா" என்பாய், தெரியும். வாத்தியாரும் அதையேதான் சொல்கிறார். மாப்ளே, இப்போது அதை ஓட்டுகிறவள் என் பெண். அதே ஹல், 5.76 சதுர மீட்டர் ரேடியல் பாய், நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஓட்டின அதே வகை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் தினமும் காலையில் எழுந்திருக்கிறாள். துறைமுக வாய்க்கு வெளியே காற்று ஏறுகிற நேரத்தில் அந்தக் குழி விட்டுக்கொடுத்தால், மாஸ்ட் நெம்பி டெக்கையே பிளந்துவிடும், பிளந்தால் ஹல் நிறையும். அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. சரியாகிறவரை இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். வித்தால் மட்டும் என்ன, வேறு ஒருவர் வீட்டுப் பிள்ளை அதில் ஏறும்.

படகு பாதி உன்னுடையது, டெக்கை அறுக்க உன் சம்மதம் வேண்டும். சரி என்று ஒரு வரி போடு. அப்புறம், பொங்கலுக்கு வரும்போது அங்கே போட் கடையில் அந்த வட்ட மூடி ஒன்று வாங்கிக்கொண்டு வா. திருகி மூடுகிற மாதிரி, ரப்பர் வளையம் உள்ளதாகப் பார், உள்விட்டம் 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது, என் கை போகணும்.

உன்,
மச்சான்