எண்ணெய் ருசிக்கத் தோப்பைத் திறந்து விடுங்கள்

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்துத் தென்னந்தோப்புக்கார அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போன நவம்பரில் மகளைப் பார்க்க இத்தாலி போயிருந்தேன். தெற்கே பாரி என்ற ஊரில் படிக்கிறாள். பக்கத்தில் கொராத்தோ என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரிலேயே கொராத்தீனா என்ற ஆலிவ் ரகம் இருக்கிறது. அங்கே ஒரு குடும்பத்தின் தோப்புக்கு எண்ணெய் ருசி பார்க்கக் கூட்டிப் போனாள். எண்ணெயை ருசி பார்க்கக் காசு கொடுத்து ஆட்கள் வருவார்களா என்று அவளிடம் கேட்டேன். போய்ப் பார்த்த பிறகு, உங்களுக்கு எழுத வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அறுவடைக் காலம் அது. மரத்தடியில் வலை விரித்து, நீளக் கோல் முனையில் சீப்பு மாதிரி அதிரும் மெஷினால் காயை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். உதிர்த்த காய் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும், குவிந்து கிடந்தால் புளித்துவிடும். அரைத்துப் பிழியும்போது சூடு 27 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் மாநிலத்தின் தென்கோடியில் 2013இல் கண்டுபிடித்த ஒரு நோய் லட்சக்கணக்கான மரங்களைக் காய வைத்திருக்கிறது. வேர்வாடல் நோயில் தென்னை மரத்தைப் பறிகொடுத்த நமக்கு அந்த வேதனையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். அந்த வீட்டுப் பெரியம்மா ஆளுக்கொரு சின்ன நீலக் கண்ணாடிக் கிண்ணம் கொடுத்தார். நிறத்தைப் பார்த்து மனசு ஒரு பக்கம் சாயக் கூடாது என்பதற்குத்தான் நீலம். கிண்ணத்தை ஒரு உள்ளங்கையில் வைத்து, மற்றக் கையால் மூடி, கைச்சூட்டில் வெதுவெதுப்பாக்க வேண்டும். 28 டிகிரி அளவுக்கு வந்தால் போதும். நம்மூரில் அந்த வேலை மிச்சம். மூடிய கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனால் அறுத்த பச்சைப் புல் வாசம் குப்பென்று வந்தது. ஒரு வாய் உறிஞ்சி, பல்லிடுக்கில் காற்றை இழுத்துவிட்டு விழுங்கினேன். நாக்கில் கசப்பு, தொண்டையில் மிளகு கடித்த மாதிரி காரம். இருமல் வந்துவிட்டது. பெரியம்மா சிரித்துக்கொண்டே, இருமல் வந்தால் நல்ல எண்ணெய் என்றார். அந்தக் காரத்துக்குக் காரணமான பொருள் இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை மாதிரி வேலை செய்கிறது என்று 2005இல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த கிண்ணத்தில் வேண்டுமென்றே கெட்ட எண்ணெயை ஊற்றிக் கொடுத்தார். மோந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நம் வீட்டில் அடி மண்டிய டின்னில் வரும் அதே காறல்! ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, வேறு மரத்து எண்ணெயில் அதே வாடை.

அப்போதுதான் பெரியம்மா என்னைக் கேட்டார்: "உங்கள் எண்ணெய் எப்படி இருக்கும்?" மகள் மொழிபெயர்த்தாள். எனக்கு வாயில் வந்தது ஒரே சொல்: "நல்லா இருக்கும்." மூன்று ஏக்கர் தோப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆனால் அந்த வார்த்தைகள் நம் களத்திலேயே இருக்கின்றன. எங்கள் களத்தில் கொப்பரை தோண்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். வெயிலில் காய்ந்த மூடியிலிருந்து பருப்பைப் பெயர்த்து, முகத்தருகே கொண்டுபோய் ஒரு நொடி மோந்து, சிலதைத் தனியே வீசுவார். ஏன் என்று ஊர் திரும்பியதும் கேட்டேன். "இது ஈர வாடை, இது புகை, இது பூஞ்சை, இது கந்தகம் பட்டது" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பச்சைத் தேங்காயில் பாதிக்குப் பாதி ஈரம். அதை 6 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்தால்தான் செக்கில் போடலாம். நடுவில் ஒரு மழை பெய்தால் பூஞ்சை ஏறிவிடும். அதெல்லாம் அவர் மூக்கில் பதிவாகியிருக்கிறது. ஐரோப்பாவில் 1991 முதல் சட்டமே இப்படிப்பட்ட மூக்கை நம்புகிறது. 8 முதல் 12 பேர் கொண்ட பயிற்சி பெற்ற குழு ருசி பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொன்னால்தான் ஆலிவ் எண்ணெய்க்கு முதல் தரம் கிடைக்கும். லேப் சோதனையும் உண்டு, அது மட்டும் போதாது.

நமக்கு இது ஏன் அவசரம் என்று சொல்கிறேன். 2025இல் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறினால் கலப்படமும் ஏறும். அந்த நேரத்தில் ஒரு கடையில் வாங்கிய எண்ணெயை அம்மா அவியலில் ஊற்றினார். ஒரு மணமும் எழவில்லை. சாப்பிடாமல் தட்டை ஒதுக்கிவிட்டார். ஃப்ரிட்ஜில் வைத்தால் உறையும், அதனால் சுத்தம் என்று பலர் நம்புகிறோம். பாமாயில் தரும் எண்ணெய்ப் பனையின் கொட்டைப் பருப்பெண்ணெயும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் உறையும். உறைவதை வைத்து மட்டும் ஏமாறாமல் இருக்க முடியாது. நல்ல எண்ணெயின் மணம் பழகிய வீட்டில் கலப்பட எண்ணெய் இரண்டாம் முறை நுழையாது.

நாம் செய்வது என்ன? காயை லாரியில் ஏற்றிக் கோபாலபுரம் தாண்டி அனுப்புகிறோம். காங்கேயம் பக்கம் கொப்பரையாகி, எண்ணெயாகி, யாரோ ஒட்டிய லேபிளோடு நம் மளிகைக் கடைக்கே திரும்பி வருகிறது. ஒரு லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு காய் கொடுத்த தோப்பின் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

அதனால் கேட்கிறேன். தை முதல் சித்திரை வரை, களம் காய்கிற நாட்களில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பைத் திறந்து விடுங்கள். காய் உடைப்பதையும் செக்கு ஓடுவதையும் வருகிறவர்கள் பார்க்கட்டும். அன்று ஆட்டிய எண்ணெய், ஆறு மாத எண்ணெய், காறின எண்ணெய் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெந்த மரவள்ளிக் கிழங்கில் ஒரு சொட்டு விட்டுக் கொடுங்கள். பாட்டிலில் காய் உடைத்த தேதி, ஆட்டிய தேதி இரண்டையும் எழுதுங்கள். கந்தகம் போடாதீர்கள், கொப்பரை வெளுப்பாக இல்லை என்று வியாபாரி முகம் சுளித்தாலும் சரி. நம்மூர்த் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை முதலில் கூப்பிடுங்கள், அவர்கள் மூக்கு இன்னும் கெடவில்லை. ருசி பார்க்கும் குழு ஒன்று வைத்தால் களத்தில் வேலை செய்யும் அக்காமார் அதில் முதலில் உட்கார வேண்டும், அதற்குக் கூலியும் உண்டு என்று இருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு எங்கள் களத்திலேயே இருக்கட்டும். தை இரண்டாவது ஞாயிறு, காலை ஏழு மணி, வெயில் ஏறுவதற்கு முன். அவரவர் வீட்டு எண்ணெயை லேபிள் இல்லாத குப்பியில் கொண்டு வாருங்கள். கிழங்கு நான் வேக வைக்கிறேன். கொப்பரை தோண்டும் அக்கா முதலில் மோந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தோப்புக்காரி