நீங்கள் மறந்துபோன சொற்களுக்காக

அன்புள்ள சபையாருக்கும் ஊராருக்கும்,

ஸ்தோத்திரம். என் வீட்டுக்காரர் போன வாரம் கைக்கம்பு இல்லாமல் முற்றத்துப் பலாமரம் வரை நடந்து திரும்பி வந்தார். ஐப்பசி மழையில் விழுந்தவர், பங்குனியில் நடக்கிறார். அன்று ராத்திரியே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

பணம் தந்தவர்களின் கணக்கு நோட்டில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்துவிடுவோம். ரத்தம் கொடுத்த வாலிபர் சங்கப் பிள்ளைகளுக்கும், அவர் வெட்டவேண்டிய மரங்களைத் தங்கள் வேலையோடு சேர்த்து வெட்டிக் கூலியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து தந்த மூன்று பேருக்கும், பாதி ராத்திரியில் ஜீப்பை எடுத்து வந்த தம்பிக்கும் நன்றி. இதையெல்லாம் ஊர் பார்த்தது. நான் எழுத வந்தது ஊர் பார்க்காத ஒன்றை. நீங்கள் சொன்ன சில சொற்களைப் பற்றி. சொன்ன உங்களுக்கே அவை நினைவிருக்காது. இரண்டு பேரிடம் கேட்டும் பார்த்தேன், "நான் அப்படியா சொன்னேன்?" என்றுதான் திருப்பிக் கேட்டார்கள். அதனால் உங்கள் சொற்களை உங்களிடமே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். வெயில் ஏறும் முன்பு வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால் விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். அன்றைக்கு ராத்திரியெல்லாம் மழை. அப்படிப்பட்ட நாளில் வெட்டு கிடையாது. ஆனாலும் விடியற்காலையில் மழை விட்டமாதிரி இருந்ததால் கிளம்பினார். செம்மண் சரிவில் வழுக்கி, கீழே இருந்த கல்லுக்கட்டில் போய் விழுந்தார். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் கட்டிலருகே நின்று உருக்கமாக ஜெபித்தார். கண்ணைத் திறந்ததும், "வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கும், யோசித்துப் பாருங்கள்" என்றார். இன்னொருவர் எங்கள் சொந்தக்காரர். "விசுவாசம் இருந்திருந்தால் கம்பி வைக்கும் அளவுக்கு வந்திருக்காது" என்றார். இருவர் பெயரையும் சொல்லமாட்டேன். இரண்டு பேருமே எங்களுக்காக அழுதவர்கள்தான். அவர்கள் போனபின் நான் வராந்தாவில் உட்கார்ந்து, சின்ன வயதிலிருந்து செய்த பாவங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். விடிய விடிய எண்ணினேன்.

இனி சொல்வதை எழுத எனக்குத் தைரியம் வர ஐந்து மாதம் ஆயிற்று.

ஆபரேஷனுக்குக் கட்டவேண்டிய பணத்துக்குச் சீட்டு வந்த நேரம். என் மகள் பக்கத்தில் நின்றாள். நர்சிங் படிக்கிறாள், வயது பத்தொன்பது. அந்த வாரம்தான் ஃபீஸ் கட்டக் கடைசி நாள். நான் அவளைப் பார்த்துச் சொன்னேன்: "நீ ஃபீஸு ஃபீஸுன்னு நச்சரிக்காம இருந்தா அப்பா அந்த மழையில இறங்கியிருப்பாரா?"

அவள் அழவில்லை. கையிலிருந்த பிளாஸ்க்கை மெதுவாகத் தரையில் வைத்தாள். அதன்பின் பதினொரு நாள் என்னிடம் "ம்" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. காலேஜ் பையைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

போன வருடம் மாதர் சங்கத்தில் யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தை வாசித்தவள் நான்தான். துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுகிறது, இப்படியிருக்கலாகாது என்று சத்தமாக வாசித்தேன். வீணான வார்த்தை ஒவ்வொன்றுக்கும் கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அதெல்லாம் தெருவில் புறம் பேசுகிறவர்களுக்கு என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

ஞாயிறு பள்ளி டீச்சர் அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. நீங்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தீர்கள். என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளிடம் எதையும் கேட்காமல், யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்தீர்கள். பிறவிக் குருடனைப் பார்த்ததும் சீஷர்கள் கேட்கிறார்கள், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று. அங்கே நிறுத்தி நீங்கள் சொன்னீர்கள்: "அவனுக்குக் கண்ணுதான் இல்லை. காது இருக்குல்லா? அவன் கேட்டுக்கிட்டுத்தானே நின்னிருப்பான். பிறந்ததிலிருந்து இதைத்தானே கேட்டிருப்பான். ஆண்டவர் சேறு உண்டாக்கிக் கண்ணில் பூசுறதுக்கு முன்னாடியே, இவன் பாவமுமில்லை, பெத்தவங்க பாவமுமில்லைன்னு சொல்லிட்டாரு. முதல்ல காதைத்தான் சுகமாக்கினாரு மக்களே."

நாற்பது வருடமாக அந்த அதிகாரத்தை வாசிக்கிறேன் அக்கா. அந்த மனிதன் கேட்டுக்கொண்டு நின்றான் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. என் மகள் அன்றைக்குத்தான் அழுதாள்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவருக்கு நான் சொன்னது எப்படியோ தெரிந்திருந்தது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. தொழிலைப் பற்றித்தான் பேசினார். "கத்தி பட்டையிலதான் ஓடணும். உள்ளே ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது நிக்கணும். நின்னா மறுபடி வளரும், சில வருஷம் கழிச்சு அதே இடத்துல திரும்ப வெட்டலாம். தடியில, அதான் பட்டைக்கு உள்ளே இருக்குற மரத்துல, பட்டுட்டா அந்த இடம் முண்டும் முடிச்சுமா ஆயிரும். அப்புறம் அங்கே கத்தி ஓடாது." கொஞ்சநேரம் கழித்து, "நீ அவகிட்ட தடி வரைக்கும் போயிட்ட. இப்பவே போய்ப் பேசு" என்றார். பட்டயக்குத்துகள்போல் பேசுகிறவர்களும் உண்டு என்று நீதிமொழிகளில் இருக்கிறது. பட்டயத்தை நான் பார்த்ததில்லை. பால்வெட்டும் கத்தியைக் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன்.

போய்ப் பேசினேன். கோபத்தில் சொல்லிவிட்டேன் என்று ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன். கோபம் என்று சொன்னால், சொன்ன விஷயம் சரிதான், சொன்ன விதம்தான் தப்பு என்று ஆகிவிடும். அதனால், "நான் சொன்னது பொய். அப்பா போனது உன்னால் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, பழிபோட ஒரு ஆள் தேவைப்பட்டது" என்றேன். அவள் ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "காப்பி போடட்டுமாம்மா?" என்று கேட்டாள். அந்த ராத்திரி பதினொரு மணிக்கு நாங்கள் காப்பி குடித்தோம். அடுத்த திங்கட்கிழமை பையை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனாள். ஃபீஸை யார் கட்டினார்கள் என்று காலேஜில் சொல்லவில்லை. கட்டியவரே, இதை வாசித்தால் எங்கள் நன்றியை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாத்தியார் பாட்டா, உங்களுக்கு நான் என்ன எழுதுவது? நீங்கள் வந்த அன்றைக்கு நான், "நான் சாபம் பிடிச்சவ பாட்டா" என்றேன். நீங்கள் உடனே ஆறுதல் சொல்லவில்லை. தடியை ஊன்றி உட்கார்ந்து பழைய கதையை எடுத்தீர்கள். திருவிதாங்கூர் காலத்தில் நம் முன்னோர் மேல்சாதியார் முன்னால் "நான்" என்று சொல்லக்கூடாது, "அடியன்" என்றுதான் சொல்லவேண்டும். தின்கிற சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது, "கரிக்காடி", அதாவது அழுக்குக் கஞ்சி, என்று சொல்லவேண்டும். பெற்ற பிள்ளைகளைக் குரங்கு என்றோ கன்றுக்குட்டி என்றோ சொல்லவேண்டும். இங்கே ஊழியம் செய்த சாமுவேல் மேட்டீர் ஐயர் 1871-இல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார் என்றீர்கள். அடிமைமுறையை ஒழித்து அரசு ஆணை போட்டது 1855-இல். "ஆணை போட்டா சொல் போயிருமா?" என்று கேட்டீர்கள்.

அப்புறம் பெயர்களைச் சொன்னீர்கள். மயிலாடி ஊர்க்காரரான மகாராசன் என்பவர் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பி வந்ததையும், அவர் அழைத்து 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்ததையும் சொன்னீர்கள். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது தேவசகாயம் என்று பெயர் வாங்கியதையும் சொன்னீர்கள். கடவுளே துணை என்று அதற்கு அர்த்தம். அடித்து, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தி, 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றபோதும் அந்தப் பெயரை அவர் விடவில்லை. 2022-இல் ரோமில் புனிதர் என்று அறிவித்தபோதும் அதே பெயரைத்தான் வாசித்தார்கள். (தென்னிந்தியத் திருச்சபையாகிய சிஎஸ்ஐ சபை மூப்பரான நீங்கள் கத்தோலிக்கப் புனிதரைப் பற்றி அத்தனை பிரியமாகப் பேசியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.) கடைசியில் நீங்கள் சொன்னது இதுதான்: "நம்மளை மத்தவன் இழிவாச் சொன்னதை நிறுத்த எத்தனை தலைமுறை ஆச்சு தெரியுமா பிள்ளே? இப்ப நீயே உன்னைச் சொல்லணுமா?" அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் பல தடவை வந்தது. நீங்கள் தடியை ஊன்றி உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள் வரும், நிறுத்திவிடுவேன்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன்கூடையோடு வரும் அக்காவுக்கு. 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது, எச்சரிக்கை வரும் முன்னே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் உங்கள் தம்பியும் ஒருவர். இத்தனை வருடம் உங்களிடம் சாளை மீன் வாங்கியும் எனக்கு அது தெரியாது. "ஏன் போகவிட்டீங்கன்னு எங்கம்மாகிட்ட கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு அம்மா இன்னும் பதில் தேடிக்கிட்டிருக்கு. உங்கிட்ட யாராவது ஏன்னு கேட்டா பதில் சொல்லாதே, மீனைக் கழுவிக்கிட்டே இரு" என்றீர்கள். அப்படியே செய்தேன், அக்கா.

பக்கத்து வீட்டு மைனி, நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரித்தீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் யோபு, எந்தமட்டும் வார்த்தைகளினால் என்னை நொறுக்குவீர்கள் என்று கேட்கவேண்டி வந்தது. நீங்கள் ஏழு நாளல்ல, முழுசாக மூன்று மாதம் உட்கார்ந்தீர்கள்.

விசுவாசத்தைப் பற்றிச் சொன்ன அந்தச் சொந்தக்காரருக்கும் நன்றி எழுதவேண்டும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு வந்தீர்கள். கட்டிலில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் காலில் கையை வைத்து, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றீர்கள். எனக்கு அப்போது ஆசாரியனாகிய ஏலிதான் ஞாபகத்துக்கு வந்தார். வாய்விடாமல் ஜெபம்பண்ணின அன்னாளைக் குடித்திருக்கிறாய் என்று அதட்டினவர், விஷயம் தெரிந்ததும் சமாதானத்தோடே போ என்று அனுப்பினார். அன்னாளுக்கு அப்போது பிள்ளை பிறந்துவிடவில்லை, கையில் கிடைத்தது ஒரு சொல் மட்டும்தான். ஆனாலும் போய்ச் சாப்பிட்டாள், அதன்பின் துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. நீங்கள் வந்துபோன அன்றைக்கு இவர் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அதுதான் முதல் தடவை.

இனிய சொற்கள் ஆத்துமாவுக்கு மதுரமும் எலும்புகளுக்கு ஔஷதமுமாகும் என்ற வசனத்தை இப்போது குடும்ப ஜெபத்தில் வாசித்தால் இவர் தொடையைத் தடவிக்கொள்கிறார். என் மகள் சிரிக்கிறாள்.

மகளே, உனக்கும் நன்றி. நான் தடி வரைக்கும் வெட்டின இடத்தில் நீ எப்படியோ பட்டை வளரவிட்டாய். இந்த மடலை முதலில் உன்னிடம்தான் வாசித்துக் காட்டினேன். நச்சரித்தது பற்றிய அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்மா, வேற யாருக்காவது அப்படிச் சொல்லிட்டு எப்படித் திரும்ப வர்றதுன்னு தெரியாம இருக்கும்" என்றாய்.

உயிர்த்தெழுந்த பண்டிகை கழிந்த சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்திருக்கிறோம். எல்லாரும் வாருங்கள். மரச்சீனியும் சாளைக் குழம்பும் உண்டு. வழி சரிவாக இருக்கும், மழை பெய்திருந்தால் மேல்பக்கத்து வழியாக வாருங்கள்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி