குறை எது என்று யார் சொல்வது?

அம்மாபேட்டை,
சேலம்.

அன்பு மகள் கயல்விழிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். சேலைகளில் உள்ள நெசவுக் குறைகளைக் கேமரா வழியே கண்டுபிடிக்கும் மென்பொருளுக்காக நீ கேட்டிருந்த பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டேன். எழுத எழுத, தொலைபேசியில் நீ சொன்னது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. மனித மூளையும் ஓர் இயந்திரம்தான், நாம் கட்டும் இயந்திரம் ஒருநாள் அதை எட்டிப்பிடித்துவிடும் என்றாய். எட்டிப்பிடிக்குமா என்பதை உன் துறைக்காரர்களிடமே விட்டுவிடுகிறேன். இரண்டையும் எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதில் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு.

நம் தறியின் மேலிருந்து பூவேலைக்கான இழைகளைத் தூக்கிவிடும் ஜக்கார்டு பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு சேர்ந்த கொக்கி மேலெழும்போது, நீளவாக்கில் ஓடும் பாவு இழை தூக்கப்படும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டு, இழை கீழேயே கிடக்கும். லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் வடிவம் கொடுத்த இந்த அட்டை முறையைத்தான், இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றும் பாபேஜிடம் இருந்தது. அந்த இயந்திரத்தைப் பற்றி 1843-இல் எழுதிய ஏடா லவ்லேஸ், ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதுபோல் இது இயற்கணித வடிவங்களை நெய்யும் என்றார். ஆனால் தானாக எதையும் தோற்றுவிக்காது, நமக்குச் சொல்லத் தெரிந்ததை மட்டுமே செய்யும் என்றும் எழுதினார்.

தறிக்கு அது முழு உண்மை. அட்டை அடிப்பவர் ஒரு துளையைத் தவறவிட்டால், ஒவ்வொரு புட்டாவிலும் அதே இதழ் அதே இடத்தில் உடைந்து வரும். பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் நீ கட்டுகிறவற்றுக்கு லவ்லேஸின் அந்த வரி போதாது. இயந்திரங்கள் என்னை அடிக்கடி வியப்பில் ஆழ்த்துகின்றன என்று 1950-லேயே கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் அதற்குப் பதில் எழுதிவிட்டார். 2016 மார்ச்சில் கோ என்ற பலகை விளையாட்டில், கொரிய வல்லுநர் லீ சேடோலை எதிர்த்து ஆல்ஃபாகோ என்ற நிரல் இரண்டாம் ஆட்டத்தில் வைத்த 37-ஆவது காயை, பத்தாயிரத்தில் ஒரு முறைதான் மனிதர் வைப்பார் என்று அந்த நிரலே கணித்திருந்தது. அதை யாரும் அட்டையில் அடித்துக் கொடுக்கவில்லை. கணக்கு, சதுரங்கம், கோ, உரையாடல் என்று மனிதனுக்கே உரியவையாக வேலி போட்டவற்றை எல்லாம் இயந்திரம் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருக்க, வேலியைப் பிடுங்கித் தள்ளித் தள்ளி நட்டுக்கொண்டிருப்பது மானமுள்ள வேலையாக எனக்குப் படவில்லை.

நம்மிடம் உள்ள சிக்கனத்தைச் சிலர் சொல்வார்கள். மூளை ஏறக்குறைய 20 வாட்டில் ஓடுகிறது. ஒரு குழந்தை சில கோடிச் சொற்களைக் கேட்டே பேசக் கற்றுவிடுகிறது. 2024-இல் வந்த, உரையாடும் நிரலான லாமா 3-க்கோ 15 லட்சம் கோடிக்கு மேற்பட்ட சொல் துண்டுகள் தேவைப்பட்டன. பெரிய வேறுபாடுதான். ஆனாலும் அது என்றாவது குறைந்துவிடக்கூடிய வேறுபாடு என்பதால் அதன்மேல் நான் எதையும் கட்டமாட்டேன்.

நெய்கிறவர் சாப்பிட எழுந்துபோய்த் திரும்பி உட்கார்ந்த இடத்தில், குறுக்கே ஓடும் ஊடை இழையின் நெருக்கம் சற்றே மாறியிருக்கும். சேலையை வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய பட்டையாகத் தெரியும். உன் கேமரா அதை என் கண்ணைவிட நன்றாகவே காணும். ஆனால் அது குறையா என்று கேட்டால், முகூர்த்தச் சேலையின் முந்தியில் குறை. உடலுக்குள் மடிந்துபோகும் பகுதியில் பெரியப்பா பொருட்படுத்தமாட்டார், நான் பொருட்படுத்துவேன். பண்டிகைக்குச் சரக்குப் போதாத வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் கடைக்காரரே, கிடங்கு நிரம்பியிருக்கும் மாதத்தில் அதைக் காட்டிக் கூலியில் பிடிப்பார். கூலியை நம்பி இருப்பவருக்கு ஒரு பதில், விற்பவருக்கு ஒரு பதில், காசு கொடுத்துக் கட்டிக்கொள்ளும் பெண்ணுக்கு இன்னொரு பதில். இவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்தப் பதிலால் ஏதோ ஒன்று கூடும் அல்லது குறையும். மனித மனம் தீர்மானிக்கும்போதெல்லாம் இப்படி ஏதாவதொன்று அதன் தலையில் இருக்கிறது. இயந்திரத்துக்கு அந்தச் சேலையில் இழப்பதற்கு எதுவும் இல்லை. இரண்டையும் ஒப்பிடுவதானால் நான் இங்கே வைத்துத்தான் ஒப்பிடுவேன்.

நாம் அடையாளமிட்ட படங்களைப் பார்த்து இயந்திரமும் நம்மைப்போலவே தீர்மானிக்கக் கற்றுக்கொள்ளும் என்பாய். கற்கும், ஆனால் யார் அடையாளமிட்டாரோ அவருடைய தீர்ப்பைத்தான் கற்கும். குறையுள்ள சேலைகளை எல்லாம் ட்யூப்லைட் வெளிச்சத்திலும் நல்லவற்றைப் பகலிலும் படமெடுத்திருந்தால், வெளிச்சத்தையே குறை என்று கற்றுக்கொள்ளவும் கூடும். ஒரு கடைக்காரர் மட்டும் அடையாளமிட்ட படங்களில் வளர்ந்த நிரல், அவருடைய கணக்கைப் பாரபட்சமற்ற அறிவியல் என்ற பெயரில் நெசவாளியின் கூலிச் சீட்டில் கொண்டுவந்து இறக்கும். தராசில் தன் கையையும் சேர்த்து வைத்து நிறுப்பவரிடமாவது சண்டை போடலாம். கேமராவிடம் என்ன பேசுவது?

ஆகையால், நீ அனுப்பும் படங்களைப் பெரியப்பாவும் நானும் தனித்தனியே அடையாளமிடுகிறோம். நாங்கள் வேறுபடும் படங்களைக் கழித்துவிடாதே. மூன்றாவது ஆளைக் கேட்டுப் பெரும்பான்மையும் எடுக்காதே. இரண்டு பதில்களையும், சொன்னவர் நெய்பவரா விற்பவரா என்பதோடும் சேலை எதற்கானது என்பதோடும் சேர்த்தே பதிவு செய். கடைக்காரர் ஒருவரும், சேலை கட்டும் பெண்கள் சிலரும் கட்டாயம் வேண்டும். அம்மாவிடம் கேட்டேன், ஒப்புக்கொண்டாள். எங்கள் இருவரையும்விடக் கடுமையாக இருப்பாள் என்று தோன்றுகிறது. பட்டியலின் முதல் பகுதியைத் தனித் தபாலில் அனுப்புகிறேன். ஒவ்வொரு குறைக்கும் எதிரே, அது யாருக்குக் குறை என்று எழுத ஒரு கட்டம் விட்டிருக்கிறேன். உன் மேலதிகாரி அந்தக் கட்டம் வேண்டாம் என்றால், காரணத்தைக் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா