நிறுவனங்களை எண்ணியது போதும், ஆய்வகக் கதவைத் திறங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் வட்டாரக் கல்லூரிகளில் புத்தொழில் மையத் திறப்பு விழா, புரிந்துணர்வு ஒப்பந்தம், ஐடியா போட்டிப் பரிசளிப்பு என்று செய்தி வராத வாரம் குறைவு. அந்தச் செய்திகளில் பெரும்பாலும் மூன்று எண்கள்தான் இருக்கும்: எத்தனை நிறுவனங்கள் பதிவாயின, எத்தனை காப்புரிமைகள் போடப்பட்டன, பயிலரங்கில் எத்தனை மாணவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு பொருளைச் செய்து விற்க நினைக்கும் பிள்ளைக்கு இந்த மூன்றாலும் பெரிய உபயோகம் இல்லை. முதல் இரண்டும் கெடுதலாகக்கூட முடியலாம்.

முதலில் கம்பெனிப் பதிவு. மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரைச் சேர்த்து ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்குவது இன்று சில நாள் வேலை. கல்லூரிக் கணக்கில் ஒன்று கூடிவிடும். அதற்குப் பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 30 நாளுக்குள் ஆடிட்டர் நியமனம், 180 நாளுக்குள் தொழில் தொடங்கியதற்கான அறிவிப்பு, ஒரு ரூபாய்க்கு வியாபாரம் நடக்காவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை, பிறகு கணக்கறிக்கை, ஆண்டறிக்கை என்று இரண்டு படிவம். தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ரூ.100 கூடுதல் கட்டணம். அதற்கு உச்சவரம்பு கிடையாது. இரண்டையும் ஓராண்டு மறந்துவிட்டால் ரூ.73,000. தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாமல் விட்டால், அந்த இயக்குநர்களை ஐந்தாண்டுக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக நியமிக்க முடியாது. வேலை கிடைத்துப் பெங்களூரு போன பையன் கம்பெனியை மூடிவிடலாம் என்று நினைத்தால், அதற்கான விண்ணப்பக் கட்டணமே ரூ.10,000. பாக்கிப் படிவங்களையும் தாக்கல் செய்துவிட்டுத்தான் அதைக் கட்ட வேண்டும்.

இன்னொரு இழப்பு கண்ணுக்கே தெரியாது. 2021இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தின் விதியைப் பாருங்கள். மாதிரி செய்து நிரூபிக்க ரூ.20 லட்சம் வரை மானியம். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனிக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மூன்றாம் ஆண்டில் பதிவு செய்த கம்பெனி, மாணவர் படிப்பை முடித்து, பொருளை ஓரளவு உருவாக்கி, ‘இனி நிதி கேட்கலாம்’ என்று நிமிரும்போது அந்த இரண்டு ஆண்டும் கரைந்திருக்கும். சரி, முதலில் தனிநபர் நிறுவனமாகத் தொடங்கிப் பிறகு கம்பெனியாக மாற்றிக்கொள்ளலாமா என்றால், அதிலும் சிக்கல் உண்டு. ஏற்கெனவே நடக்கும் தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவானதை மத்திய அரசு ஸ்டார்ட்அப்பாக அங்கீகரிப்பதில்லை. ஆகவே, வெளியாள் ஒருவரின் ஆலையில் பொருள் ஓடும் வரை பதிவே வேண்டாம். அதுவரை வரும் சிறு தொகைகளுக்குக் கல்லூரியின் ஆலோசனைப் பணிக் கணக்கில் பில் போட்டுக்கொள்ளலாம்.

காப்புரிமைக் கணக்கு இதைவிட வேடிக்கை. விண்ணப்பித்தவை பெரும்பாலும், திரும்பப் பெறாமலும் கைவிடாமலும் இருந்தால், 18 மாதம் கழித்துக் காப்புரிமை இதழில் வெளியாகிவிடும். தனிப் படிவம் போட்டுக் கட்டணம் கட்டினால் இன்னும் சீக்கிரமே வெளியாகும். அது வெறும் வெளியீடு. பரிசோதகர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பரிசோதனை கோரி 31 மாதத்துக்குள் தனியாக விண்ணப்பிக்காவிட்டால் கோப்பு செத்துவிடும். ‘எங்கள் கல்லூரியின் 40 காப்புரிமைகள்’ என்று ஒரு பிளக்ஸ் சொன்னால், அதில் எத்தனை வழங்கப்பட்டவை என்று கேட்டுப் பாருங்கள்.

உண்மையிலேயே புதிதான ஒன்றைச் செய்த மாணவருக்கு நேரும் ஆபத்து வேறு. விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரிக் கண்காட்சியில் இயந்திரத்தைத் திறந்து வைத்து விளக்குகிறார். வீடியோ யூடியூபில் ஏறுகிறது. அதோடு புதுமை போயிற்று, காப்புரிமைக்கான தகுதியும் போயிற்று. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும்தான் 12 மாத விலக்கு. கல்லூரி விழா அந்தப் பட்டியலில் வராது. வழி எளிது. கண்காட்சிக்கு முந்தைய வாரமே கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கமான தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட வேண்டும். தனிநபர், கல்வி நிறுவனம், ஸ்டார்ட்அப் ஆகியோருக்கு இணையவழிக் கட்டணம் ரூ.1,600. முழு விவரக்குறிப்புக்கு அன்றிலிருந்து 12 மாதம் அவகாசம். போட்டி நடத்தும் பேராசிரியர் நுழைவுப் படிவத்திலேயே ‘தாக்கல் ஆகிவிட்டதா?’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

கல்லூரி வேறெவராலும் தர முடியாத ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்கிறது: ஆய்வகம். மாலை நாலரைக்கு அதைப் பூட்டிவிடுகிறார்கள். இழுவிசை சோதிக்கும் இயந்திரம், வார்ப்பின் கலவை பார்க்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர், முப்பரிமாண அளவீட்டு இயந்திரம் எல்லாம் ஆண்டில் பாதி நாள் உறைக்குள்தான் தூங்குகின்றன. கணபதியிலோ குறிச்சியிலோ நாலு லேத் வைத்துப் பட்டறை நடத்துபவரும், பொருள் செய்யத் துடிக்கும் மாணவரும் அந்த வாசலில் நிற்க முடியாது.

திறப்பதற்கு என்ன வேண்டும்? கருவிப் பட்டியலும் மணிக் கட்டணமும் கல்லூரி இணையதளத்தில் இருக்க வேண்டும். ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள மத்திய அரசு 2020இல் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளத்திலும் பதிந்துவிடலாம். மாலை 5 முதல் 9 வரையும் சனிக்கிழமையும் நேர ஒதுக்கீடு, அந்த நேரத்துக்கு மிகைப்படி பெறும் ஒரு டெக்னீஷியன், டூல் உடைந்தால் யார் பொறுப்பு என்று சொல்லும் ஒரு பக்க ஒப்பந்தம், ஒரு சிறு முன்வைப்புத் தொகை. திட்டம் தடுக்கி விழுவது பெரும்பாலும் டெக்னீஷியனிடம்தான். அவருக்குக் கூலி பேசாமல் ‘சமூகப் பணி’ என்று சொன்னால் இரண்டாம் மாதமே சாவி காணாமல் போகும். நியாயம் அவர் பக்கம். இன்னொன்று: சோதனைக் கூடங்களைத் தணிக்கை செய்து அங்கீகரிக்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இல்லாத ஆய்வகத்தின் சோதனை அறிக்கையைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. எனவே கல்லூரியில் பார்ப்பது உள்சோதனை மட்டும். வாங்குபவரிடம் காட்டும் அறிக்கைக்கு, பம்ப் என்றால் சிடார்க், துணி என்றால் சிட்ரா போன்ற சோதனை மையங்களுக்குத்தான் போக வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் மாணவருக்கு இரட்டைச் செலவு மிச்சம்.

இந்த ஊருக்கு இது புதுப் பாடமும் இல்லை. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் தொடங்கியதே மோட்டாரும் பம்பும் செய்து விற்ற ஒரு தொழிற்சாலையின் வளாகத்தில்தான். அங்குள்ள சாண்ட்விச் படிப்பு மாணவர்கள் படிப்பின் ஊடாகப் பட்டறை வேலையும் பார்க்கிறார்கள். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்த ஜி.டி.நாயுடு, நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்று வாதாடி, அரசு ஒப்பாததால் விலகினார். அவருடைய கணக்கு சரியா என்பது வேறு விவாதம். அந்தக் கல்லூரி இடம் மாறி அரசு தொழில்நுட்பக் கல்லூரியான பிறகும் அவிநாசி சாலையில் ‘ஹோப் காலேஜ்’ என்றுதான் பஸ்காரர் இன்னும் கூவுகிறார்.

அடுத்தது, மாதிரி எங்கே உடைகிறது என்பது. மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் மாதிரி செய்ய ரூ.10 லட்சம் வரை கிடைக்கிறது. மாணவர் முதல் மாதிரியை 3டி பிரிண்டரில் எடுக்கிறார். அதில் பரவலாக ஓடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரிக்கு அருகிலேயே இளகிவிடும். மோட்டாரின் மேல்மூடி அந்தச் சூட்டைச் சாதாரணமாகவே தொடும். சரி, வார்ப்பிரும்புக்குப் போகலாம் என்று பவுண்டரிக்கு வந்தால், மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரியான பேட்டர்னைச் செய்பவர் வரைபடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். பேட்டர்ன் மணலிலிருந்து உருவி வரச் சரிவு இல்லை. உலோகம் ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும் என்பதற்கு இடம் விடவில்லை. கடைசல் பிடிக்க 2 அல்லது 3 மி.மீ. மிச்சமும் இல்லை. தடித்த சுவரும் மெல்லிய சுவரும் சேரும் மூலையில் உள்ளே குழி விழும். வரைபடம் முழுவதும் மறுபடி. கணினி வரைபடத்தை முடிக்கும் முன் பேட்டர்ன்காரரிடம் ஒரு மணி நேரம் உட்கார வைத்திருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும். கல்லூரிகள் ‘மென்டார்’ என்று அழைக்க வேண்டியது இவர்களைத்தான். கூட்டி வருவது மட்டும் போதாது, மணிக்கு இவ்வளவு என்று அவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

மென்பொருள் பக்கமும் இதே கதைதான். திருப்பூர் நிட்டிங் மெஷினில் துணிக் குறையைக் கண்டுபிடிக்கும் கேமரா மாணவர்கள் விரும்பி எடுக்கும் புராஜெக்ட். கல்லூரியில் ஒரே வெளிச்சத்தில் வெள்ளைத் துணியை வைத்துப் பழக்கிய மென்பொருள், ஆலைக்குப் போனதும் தடுமாறும். பஞ்சுத் தூசி லென்ஸில் படிகிறது, டியூப்லைட் மினுக்குகிறது, இன்று சிங்கிள் ஜெர்சி, நாளை ரிப், மறுநாள் மெலாஞ்ச் என்று துணி வகையும் மாறுகிறது. ஊசி உடைந்த கோடும் லைக்ரா விட்டுப்போன இடமும் ஒவ்வொரு துணியிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். மணிக்கு ஒருமுறை பொய்யாக மெஷின் நின்றால் போதும், இரவு ஷிப்ட் ஆபரேட்டர் ஒயரைப் பிடுங்கிவிடுவார். பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவர் வேறென்ன செய்வார்? சோதனையை ஆலையில், இரவு ஷிப்டில், குறைந்தது மூன்று வகைத் துணியில் நடத்திய பிறகுதான் மதிப்பெண் என்று துறை விதி வைக்கட்டும்.

நேரம் பற்றியும் பங்கு பற்றியும் விதி ஏற்கெனவே இருக்கிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2019 தேசியப் புத்தாக்க, புத்தொழில் கொள்கை, தொழில் நடத்தும் மாணவர் வருகைப்பதிவு குறைந்தாலும் அனுமதி பெற்றுத் தேர்வெழுதலாம் என்கிறது; ஒரு செமஸ்டரோ ஓராண்டோ இடைவெளி எடுக்கவும் வழி சொல்கிறது. ஆனால் இணைவுபெற்ற கல்லூரிகளில் 75 சதவீத வருகை என்பது பல்கலைக்கழக விதி. அதைப் பல்கலைக்கழகம் மாற்றாதவரை கல்லூரி முதல்வர் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பங்கைப் பொறுத்தவரை, கல்லூரி தன் வசதிகளுக்கு ஈடாக 2 முதல் 9.5 சதவீதம் எடுக்கலாம் என்பது அதே கொள்கையின் பரிந்துரை. அதற்கு மேல் கேட்கும் ஒப்பந்தத்தில் மாணவர் கையெழுத்திட வேண்டாம். கல்லூரி வசதி எதையும் பயன்படுத்தாமல், பாடத்திட்டத்துக்கு வெளியே செய்ததென்றால் அறிவுசார் உரிமை முழுவதும் செய்தவருக்கே.

முதல் வாடிக்கையாளராகக் கல்லூரியே இருக்கலாம். விடுதிச் சமையலறை, பஸ்கள், தண்ணீர்த் தொட்டி, மின்கட்டணம் என்று அதற்குள்ளேயே ஒரு சிற்றூரின் தேவைகள் இருக்கின்றன. வாங்கினால் பணத்தையும் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டி. தொழில்முனைவு பாடம் எடுக்கும் கல்லூரியே பழைய மாணவரின் பில்லை ஆறு மாதம் இழுத்தடித்தால் அந்தப் பாடத்தை யார் நம்புவார்கள்?

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது தங்கள் நிருபர்களுக்கு. அடுத்த திறப்பு விழாவில் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: சென்ற ஆண்டு உங்கள் மையத்து நிறுவனங்கள் வெளியாருக்குப் போட்ட பில்களின் மொத்தத் தொகை எவ்வளவு, ஆய்வகத்தில் மாலை ஐந்துக்குப் பிறகு வெளியார் வேலை செய்த மணிகள் எத்தனை, மூன்றாண்டுக்கு முன் பதிவு செய்த கம்பெனிகளில் எத்தனை இன்னும் கணக்கு தாக்கல் செய்கின்றன. மூன்றாவதற்குக் கல்லூரி பதில் சொல்லாவிட்டாலும், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால், கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கறிக்கை எந்தத் தேதி வரைக்கானது என்பது வந்துவிடும்.

இப்படிக்கு,
சிறுதொழில் வழிகாட்டுநர்கள் சிலர்,
பீளமேடு, கோவை.