உப்பினும் இப்பினும் ஐந்து வயதிலேயே இருக்கட்டும், நேற்று நடந்தது மட்டும் நினைவிருக்கட்டும்

லெஸ் கோப்பாக் நிறுவனத்தில் உப்பின் இப்பின் மலாய் கார்ட்டூன் தொடருக்குக் கதை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. நீங்கள் ஷா ஆலாமில் உட்கார்ந்து உருவாக்கும் இரட்டையர் உப்பினுக்கும் இப்பினுக்கும், அவர்கள் கூட்டாளிகளுக்கும், என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இந்த மடலின் மலாய் வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. உங்கள் தொடரைப் பார்த்தே வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களும் படித்துவிட்டு ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும்.

வீட்டில் தமிழ் மட்டுமே புழங்கும் பிள்ளைகள் சிலர் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் வருவார்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் முதல் முழு மலாய் வாக்கியம் பெரும்பாலும் இரட்டையரின் ஊரான உங்கள் டுரியான் ருந்துஹ் கம்பத்திலிருந்து (கிராமத்திலிருந்து) வந்ததாகத்தான் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, இரட்டையரின் கூட்டாளி மாயில் போலவே "டுவா சிங்கிட், டுவா சிங்கிட்" (ஒரு வெள்ளிக்கு இரண்டு) என்று கூவுவான். இன்னொருத்தி எதைக் கேட்டாலும் இப்பின் மாதிரி "பெத்துல், பெத்துல், பெத்துல்" (சரி, சரி, சரி) என்பாள். 2007இல் நோன்பு மாதத்துக்காக ஆறே பகுதிகளோடு வந்த ஒரு சின்னத் தொடர், இன்று இந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீடு போல ஆகிவிட்டது. அதற்கு முதலில் என் நன்றி.

உங்களுக்கு வழக்கமாக வரும் புகார் எனக்கும் தெரியும். இந்த இரட்டையர் எப்போது முதலாம் ஆண்டுக்குப் போவார்கள்? இத்தனை ஆண்டுகளாகத் தாடிக்கா மெஸ்ரா பாலர் பள்ளியிலேயே உட்கார்ந்திருக்கிறார்களே? பெரியவர்களாகிவிட்ட ரசிகர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. போன ஆண்டு என்னிடம் படித்த பிள்ளைகள் சீருடை மாட்டிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இடத்தில் புதிதாக வந்து, அம்மாவின் கையை விடாமல் வாசலில் அழும் பிள்ளைக்கும் அதே வயதில் ஓர் உப்பின் வேண்டும். இரட்டையர் வளர்ந்துவிட்டால், இனி வரப்போகும் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு யார் துணை? இங்கேயே உருவான போபோய்பாய் தொடரில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு உயரமும் வயதும் கூடி வந்தார்கள். அது சாகசக் கதை, அங்கே அது பொருந்தும். உங்களுடையது கம்பத்து வீட்டின் கதை. வயது நிற்கட்டும்.

நான் கேட்பது வேறு. வயது நிற்கிறது என்பதற்காக அனுபவமும் நிற்க வேண்டுமா?

நீங்கள் மாறாமல் காப்பாற்றி வந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உப்பின் தலையில் அந்த ஒற்றைக் குடுமி, மஞ்சள் சட்டை. இப்பின் கழுத்தில் சிவப்புத் துணி, நீலச் சட்டை. ஐந்து நிமிடம் மூத்தவன் என்பதால் எதிலும் முன்னால் நிற்கும் உப்பின், பொரித்த கோழி என்றால் எல்லாவற்றையும் மறந்துவிடும் இப்பின். குரல் கொடுத்த பிள்ளை வளர்ந்து போய் வேறொருவர் வந்தபோதும், என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட "இது உப்பின் இல்லை" என்று சொல்லவில்லை. இது லேசான வேலை இல்லை. பிள்ளைகள் இந்த விஷயத்தில் பொல்லாதவர்கள். சட்டையின் நிறம் கொஞ்சம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாயிலையும் சொல்ல வேண்டும். எதைப் பார்த்தாலும் விலை பேசுவது அவனுக்கு ஒட்டவைத்த சிரிப்பு வசனம் மட்டும் இல்லை. வீட்டில் வியாபாரம் நடக்கிறது, அம்மாவுக்குக் கைகொடுக்கிற பிள்ளை அவன். அதனால்தான் அதே வசனத்தை எத்தனை தடவை கேட்டாலும் சலிப்பதில்லை, அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் தெரிகிறது. காக் ரோஸும் அப்படியே. தம்பிகளை அதட்டுகிற அக்காதான், ஆனால் தாய் தகப்பன் இல்லாத வீட்டில் பாட்டி ஓப்பாவுக்கு அடுத்து பொறுப்பைச் சுமப்பவள் அவள் என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. பெருநாள் காலையில் பெற்றோரின் கல்லறைக்கு அவர்கள் போகும் காட்சியைப் பார்த்த பிறகு, அவள் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் அவள் மேல் கோபம் வராது.

அனுபவத்தோடு பாத்திரங்களை வளர்க்க உங்களுக்குத் தெரியாமல் இல்லை. நீங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள். 2007இல் நோன்பு என்றால் என்ன, ஏன் பசியோடு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். 2008இல் தொடர் திரும்பி வந்தபோது கதைக்குள்ளேயே ஓர் ஆண்டு ஓடியிருந்தது. பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள், மறுபடியும் நோன்பு வந்தது. போன நோன்பைப் பார்த்த பிள்ளைகளாக அவர்கள் இந்த நோன்புக்குள் நுழைந்தார்கள். எனக்குத் தொடரில் மிகவும் பிடித்த இடம் அதுதான். அதற்கப்புறம் கடிகாரம் நின்றுவிட்டது. சரி, நிற்கட்டும். ஆனால் கடிகாரத்தோடு சேர்ந்து பிள்ளைகளின் ஞாபகமும் நின்றுவிட்டதுதான் எனக்குக் குறை.

இரட்டையரின் வகுப்புத் தோழன் ஃபிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் பற்றிப் பேச்சு வரும் ஒரு கதை. தாயின் காலடியில்தான் சொர்க்கம் என்று கேட்டதும், அப்படியானால் அம்மா இல்லாத உப்பினுக்கும் இப்பினுக்கும் சொர்க்கம் கிடையாதே என்று சொல்லிவிடுவான். அந்தத் துண்டு இணையத்தில் சுற்றிச் சுற்றி வந்து, எத்தனையோ பேர் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை அப்படித்தான் பேசும். கேட்ட பாடத்தைக் கணக்கு மாதிரி நேராகப் போட்டுப் பார்க்கும். எதிரில் இருப்பவனின் முகம் அப்புறம்தான் கண்ணில் படும். அந்த வசனத்தை எழுதியவர் பிள்ளைகளை நன்றாகக் கவனித்தவர்.

என் வருத்தம் அதற்குப் பின்னால் வந்த கதைகளில். ஃபிசி எதுவுமே நடக்காதவன் போல வந்து நிற்கிறான். அதே வாய்த்துடுக்கு, கூட்டாளி எஹ்சானோடு அதே வம்பு. இருக்கட்டும், அது அவன் இயல்பு, அது போய்விட்டால் அவன் ஃபிசியே இல்லை. ஆனால் அம்மா என்ற பேச்சு மறுபடி வரும்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் இரட்டையரின் பக்கம் பார்க்கக் கூடாதா? அந்தப் பார்வைக்கு வசனம் எழுத வேண்டாம், பழைய கதையைத் திரும்பக் காட்டவும் வேண்டாம். முன்பு பார்த்தவர்களுக்குப் புரியும். பார்க்காதவர்களுக்கு எதுவும் குறையாது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கை கழுவ வரிசையில் நிறுத்தினால் முன்னால் நிற்பவனைத் தள்ளாமல் அவனால் இருக்க முடியாது. எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது, அம்மாவை அழைத்தும் பேசியாகிவிட்டது. ஒரு நாள் அவன் தள்ளியதில் சின்னப் பிள்ளை ஒருத்தி விழுந்து உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அன்று அவனும் அழுதான். மறுநாள் அவன் திருந்திவிட்டான் என்று நீங்கள் எழுதினால் நான் நம்ப மாட்டேன். மறுநாளும் தள்ளினான். ஆனால் தள்ளிய கையோடு, விழுந்துவிட்டானா என்று எட்டிப் பார்த்தான். அதுவரை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. சில வாரங்கள் போன பிறகு, தள்ளுவதற்கு முன்பே கையைப் பின்னால் கட்டிக்கொள்ள ஆரம்பித்தான், தானாகவே. ஆண்டு முடிவில் அவன் என்னவோ அதே துடுக்குப் பையன்தான், அவன் சத்தம் வாசல் வரை கேட்கும். அந்தக் கை மட்டும் மாறியிருந்தது.

இந்த வயதில் குணம் அப்படியேதான் இருக்கும். அந்தக் குணத்துக்குள் ஏதோ ஒன்று இடம் மாறும். அதைத்தான் உங்கள் தொடரில் தேடுகிறேன். பாத்திரம் முன்பின் முரணில்லாமல் இருக்க வேண்டும் என்பதும், பாத்திரம் வளர வேண்டும் என்பதும் ஒன்றோடொன்று மோதும் என்று நினைத்துத்தான் பலர் இரண்டாவதைக் கைவிடுகிறார்கள். என் வகுப்பில் இரண்டும் ஒரே பிள்ளையிடம், ஒரே வரிசையில் நிற்கின்றன.

உங்கள் கஷ்டமும் புரிகிறது. ஒரு கதையைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிக்கிறீர்கள். தொலைக்காட்சியில் புதியதும் பழையதும் மாறி மாறி ஓடுகின்றன, இந்தோனேசியாவில் வேறு வரிசையில் ஓடும். எந்தக் கதையை முதலில் பார்த்தாலும் பிள்ளைக்குப் புரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு கதை முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிடுகிறீர்கள். தொடர்கதையாக மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாத்திரங்களின் உடை, பேச்சு, பழக்கம் எல்லாவற்றுக்கும் எப்படியும் குறிப்புகள் வைத்திருப்பீர்கள். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னொரு பக்கம் சேருங்கள்: இவனுக்கு இதுவரை என்னென்ன நடந்திருக்கிறது, எதை இவன் மறந்திருக்க மாட்டான். புதுக் கதை எழுத உட்காரும்போது அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒன்று கேட்கிறேன். உங்கள் கம்பத்தில் வாழும் நம்மவர்கள் அங்கிள் முத்து, ராஜு, தேவி.

தோக் டாலாங்கைப் பாருங்கள். ஊர்த்தலைவர், ரெம்போ என்ற சேவலை வளர்ப்பவர், ஒரு காலத்தில் நிழல்பொம்மலாட்டம் ஆடியவர். அவருக்கு நேற்று என்று ஒன்று இருக்கிறது. அதனால் இன்று அவர் சும்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் காட்சி நிறைந்திருக்கிறது. அங்கிள் முத்துவும் கிட்டத்தட்ட அத்தனை காலமாக அந்தக் கம்பத்தில் கடை வைத்திருக்கிறார், பிள்ளைகளுக்கு ஏபிசி என்ற ஐஸ் இனிப்பு கலந்து கொடுக்கிறார். அவர் எங்கிருந்து வந்தார்? எங்கள் பிள்ளைகளில் பலருடைய தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறியதும் பட்டணத்துக்கும் கம்பத்துக்கும் வந்து, ஒரு சின்னக் கடையில் வாழ்க்கையை மறுபடி தொடங்கியவர்கள். முத்துவுக்கு அப்படி ஒரு கதை இருந்தால் என் வகுப்பில் ஒரு பிள்ளையாவது வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேள்வி கேட்கும்.

ராஜுவுக்கு 2009இல் வந்த கெங் படத்திலேயே அருமையான ஒன்றைக் கொடுத்தீர்கள். விலங்குகளின் பேச்சு அவனுக்குப் புரியும். மாட்டோடு திரியும் அந்தப் பையனை முதல்முறை திரையில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. தொலைக்காட்சித் தொடரில் அந்தத் திறமை எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கிறது, அதுவும் பெரும்பாலும் வேடிக்கையாக. விலங்கின் பேச்சு புரிகிற பிள்ளைக்கு, அந்த மாட்டுக்கு உடம்பு சரியில்லாத ஓர் இரவு எப்படிப் போகும்? அதை எழுதுங்கள். அதற்கு அடுத்து வரும் கதைகளில் அவன் மாட்டைத் தடவும் விதமே வேறாக இருக்கும்.

தேவி வகுப்பில் இருக்கிறாள், ஆனால் அவளுக்கென்று கதை மிகக் குறைவு. தீபாவளிக்கு நீங்கள் தனிக் கதை செய்தது எங்களுக்கு மகிழ்ச்சி, பிள்ளைகள் இன்னும் கேட்டுக் கேட்டுப் பார்க்கிறார்கள். இனி விளக்கும் முறுக்கும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை அவளுக்குக் கொடுங்கள். பென்சில் தொலைந்து போகட்டும், வகுப்புத் தோழி மெய் மெய்யோடு சண்டை வரட்டும், அவள் தோற்கட்டும். அடுத்த முறை மெய் மெய் பக்கத்தில் வந்து உட்காரும்போது தேவி கொஞ்சம் தள்ளி உட்காரட்டும். அதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

உங்களில் யாராவது வந்து வகுப்பின் பின்வரிசையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க விரும்பினால், எங்கள் பள்ளி நிர்வாகத்திடம் நானே பேசி ஏற்பாடு செய்கிறேன். காலை எட்டு மணிக்குத் தொடங்குவோம். பத்து மணிக்குக் கை கழுவும் வரிசை. ஒரு நாளோடு நிறுத்திவிடாதீர்கள், அதே வரிசையை அடுத்தடுத்த நாளும் பாருங்கள்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து ஒரு பாலர் பள்ளி ஆசிரியை